நகராட்சியின் பழைய கணினிகள் யாருக்குப் போக வேண்டும்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாற வேண்டுமென்றால் இன்டெல் கணினியில் பொதுவாக எட்டாம் தலைமுறை சிப்போ அதற்குப் பிந்தியதோ இருக்க வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். 2018-க்கு முன்பு வாங்கிய பெரும்பாலான கணினிகளுக்கு இந்தத் தகுதி இல்லை. அமெரிக்காவில் பல நகராட்சிகள் இதை முன்னிட்டுப் புதுக் கணினிகள் வாங்கின. கழற்றி வைத்த பழையவற்றை என்ன செய்வது என்று நகர மன்றம் ஒரு தீர்மானம் போட்டாக வேண்டும். 'உபரிச் சொத்து' என்ற தலைப்பில் அது வரும். பெரும்பாலும் விவாதமே இல்லாமல், பத்துப் பன்னிரண்டு சில்லறைத் தீர்மானங்களோடு சேர்த்து ஒரே குரலில் நிறைவேறிவிடும்.

அதை அப்படி நிறைவேற விடக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நகராட்சி ஐ.டி. துறைகளில் வேலை பார்க்கும் தமிழர்கள் இருக்கிறார்கள், நூலக ஆலோசனைக் குழுக்களில் இருக்கிறார்கள், மன்றக் கூட்டத்தில் எழுந்து மூன்று நிமிடம் பேசுகிற பெற்றோரும் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் இந்தப் பேச்சு வந்தால் எந்த வழியைக் கேட்பது, ஏன் கேட்பது என்பதுதான் விஷயம்.

முதலில், கணினி இல்லாதவர் யார்? ப்யூ ஆய்வு மையம் 2021-இல் எடுத்த கணக்கின்படி, ஆண்டு வருமானம் 30,000 டாலருக்குக் கீழ் உள்ள அமெரிக்கர்களில் 41 விழுக்காட்டினரிடம் மேசைக் கணினியும் இல்லை, மடிக்கணினியும் இல்லை. இவர்களில் பெரும்பாலானவர்களிடம் ஸ்மார்ட்போன் இருக்கிறது. அதுவே போதாதா என்று மன்றக் கூட்டங்களில் கேட்பார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கிற தளத்தில் பயோடேட்டாவைக் கோப்பாக ஏற்றி, பழைய வேலைகளின் தேதிகளை ஒவ்வொரு கட்டத்திலும் நிரப்பி, நடுவில் இருபது நிமிடம் கழிந்ததும் தளம் வெளியே தள்ள, மறுபடி முதலிலிருந்து தொடங்குவதை ஆறு அங்குலத் திரையில் ஒருமுறை செய்து பார்த்தால் அந்தக் கேள்வி வராது.

பழைய கணினிகளை வைத்து நகராட்சி செய்யக்கூடியவை சில: ஏலம் விடலாம், நொறுக்கிவிடலாம், பள்ளிக்குத் தரலாம், நூலகத்தில் வைக்கலாம். அல்லது, புதுப்பித்து ஏழைக் குடும்பங்களின் வீட்டுக்கே அனுப்புகிற ஒரு லாப நோக்கற்ற அமைப்பிடம் ஒப்படைக்கலாம். நான் கடைசி வழியின் பக்கம். மற்றவற்றிலும் நியாயம் உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது.

ஏலத்தின் பலம் சட்டம். பொதுச் சொத்தைச் சும்மா தூக்கிக் கொடுக்க முடியாதபடி பல மாநிலங்களில் தடை இருக்கிறது. வாஷிங்டன் மாநில அரசியலமைப்பின் எட்டாம் பிரிவு, ஏழாம் உட்பிரிவு உள்ளாட்சிகள் பணத்தையோ சொத்தையோ தனியாருக்கு அன்பளிப்பாகத் தருவதைத் தடுக்கிறது. கலிஃபோர்னியாவிலும் அப்படி ஒரு தடை உண்டு. ஊழல் நடக்காமல் இருக்க வைத்த வேலி அது, நல்ல வேலிதான். ஆனால் வாஷிங்டனின் அதே உட்பிரிவிலேயே ஏழைகளுக்கும் இயலாதவர்களுக்கும் தேவையான உதவிக்கு விலக்கு எழுதப்பட்டிருக்கிறது. கலிஃபோர்னியாவில் பொது நோக்கத்துக்காகச் செய்யும் செலவு அன்பளிப்பாகாது என்று நீதிமன்றங்கள் சொல்லிவந்திருக்கின்றன. ஆகவே 'சட்டம் விடாது' என்று நகராட்சி வழக்கறிஞர் முதல் வாயிலேயே சொன்னால், விலக்கு என்ன சொல்கிறது என்று இரண்டாவது கேள்வி கேட்க வேண்டும்.

பண விஷயத்தில் ஏலம் ரொம்பப் பலவீனம். கவ்டீல்ஸ் போன்ற தளங்களில் பழைய கணினிகளைக் குவியல் குவியலாக, மொத்தமாகத்தான் ஏற்றுவார்கள். எடுப்பவர் மறுவிற்பனை வியாபாரி. நல்லதைத் தனியே எடுத்து விற்பார், மற்றவற்றிலிருந்து மெமரியைப் பிடுங்கிக்கொள்வார், மிச்சம் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆள் வைத்துப் பட்டியல் போட்டு, படம் எடுத்து, ஏலத் தளத்தின் கமிஷனும் போக நகராட்சிக் கருவூலத்துக்கு வருவது சொற்பம். அந்தச் சொற்பத்தால் பட்ஜெட்டில் எந்த ஓட்டையும் அடைபடாது. அதே எந்திரம் ஒரு வீட்டில் நான்கைந்து வருடம் உழைத்திருக்கும்.

நொறுக்குவதற்கான காரணம் பயம். இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சிம்சன் கார்ஃபிங்கெல், அபி ஷெலாட் என்று எம்.ஐ.டி.யில் இருந்த இருவர், பழைய சந்தையில் 158 ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கிச் சோதித்து 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். 129 வேலை செய்தன. அவற்றில் முறையாக அழிக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மற்றவற்றிலிருந்து ஆயிரக்கணக்கான கிரெடிட் கார்டு எண்களும், மருத்துவ விவரங்களும், சொந்தக் கடிதங்களும் கிடைத்தன. பெரிய இடங்களும் இதில் தவறியிருக்கின்றன. மார்கன் ஸ்டான்லி தன் பழைய சர்வர்களையும் டிஸ்க்குகளையும் அப்புறப்படுத்த, தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத ஒரு வீடு மாற்றும் நிறுவனத்தை அமர்த்தியது. வாடிக்கையாளர் விவரங்களோடு அவற்றில் சில இணைய ஏலத்துக்கே வந்துவிட்டன. 2022 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் அதற்கு விதித்த அபராதம் 3.5 கோடி டாலர்.

நகராட்சிக் கணினியில் சொத்து வரிக் கணக்கு இருக்கும், ஊழியர் சம்பளப் பட்டியல் இருக்கும், புகார் மனுக்கள் இருக்கும். அதனால் ஐ.டி. மேலாளர் 'எல்லாவற்றையும் நொறுக்கு' என்று சொல்வது புரிகிறது. ஆனால் இந்தக் கதைகளில் தவறு எங்கே நடந்தது என்று பார்க்க வேண்டும். யாருமே டிஸ்க்கை அழிக்கவில்லை, அல்லது அழிக்கத் தெரியாதவரிடம் கொடுத்தார்கள். எப்படி அழிக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்கத் தரநிலை நிறுவனத்தின் 800-88 என்ற வழிகாட்டி இருக்கிறது. பழைய சுழலும் டிஸ்க் என்றால் முழுவதையும் மேலெழுதுவது, எஸ்.எஸ்.டி. என்றால் அதற்கே உரிய அழிப்புக் கட்டளையைக் கொடுப்பது, முதல் நாளிலிருந்தே முழுதாக மறையாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தரவை மாற்றுவது) செய்த டிஸ்க் என்றால் சாவியை அழிப்பது, அப்புறம் அழிந்ததா என்று சரிபார்ப்பது. ஒவ்வொரு டிஸ்க்கின் தொடர் எண்ணுக்கும் ஒரு சான்றிதழ் வரும். போலீஸ் துறை, சுகாதாரத் துறைக் கணினிகளின் டிஸ்க்குகளை மட்டும் தனியே கழற்றி நொறுக்கிக்கொள்ளட்டும், அதில் எனக்கு ஆட்சேபமில்லை. பூங்காத் துறையில் புல் வெட்டும் அட்டவணை போட்ட கணினிக்கு அந்தக் கதி வேண்டாம்.

மறுசுழற்சிக்கு அனுப்பினால் சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே என்று தோன்றும். சியாட்டிலில் இருக்கும் பேசல் ஆக்ஷன் நெட்வொர்க் என்ற அமைப்பு பழைய மின்னணுப் பொருள்கள் 200-இல் இருப்பிடம் காட்டும் கருவியை ஒளித்து வைத்து அமெரிக்காவில் அங்கங்கே ஒப்படைத்துப் பார்த்து, 2016-இல் முடிவை வெளியிட்டது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நாட்டை விட்டே வெளியேறியது, அதிகமும் ஹாங்காங் பக்கம். தவிர, ஒரு மடிக்கணினியால் உண்டாகும் கரியமில வாயுவில் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே வெளியாகிவிடுகிறது. ஓடுகிற எந்திரத்தை இன்னும் சில வருடம் ஓட வைப்பதுதான் பூமிக்கும் லாபம்.

பள்ளிக்குத் தருவது மேடையில் சொல்ல அழகாக இருக்கும், மேயரோடு குழந்தைகள் நிற்கும் படம் கிடைக்கும். ஒரு காலத்தில் அது சரியான வழியாகவும் இருந்தது. 1996-இல் அதிபர் கிளின்டன் பிறப்பித்த 12999-ஆம் எண் ஆணை, மத்திய அரசு அலுவலகங்களின் உபரிக் கணினிகளைப் பள்ளிகளுக்குத் தரச் சொன்னது. அன்று வகுப்பறையில் கணினி அரிது. இன்று நிலைமை வேறு. கோவிட் காலத்தில் அவசர இணைப்பு நிதியாக மட்டும் 717 கோடி டாலர் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் ஒதுக்கப்பட்டது. மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு க்ரோம்புக் என்பது பல மாவட்டங்களில் வழக்கமாகிவிட்டது. அங்கே கொண்டுபோய் ஏழு வருடப் பழைய டெல் பெட்டிகளை இறக்கினால் பள்ளியின் ஐ.டி. ஊழியருக்கு இன்னொரு தலைவலி. அவர் அவற்றை வேறு மென்பொருளில், வேறு விதிகளில் பராமரிக்க வேண்டும். கடைசியில் அவையும் ஒரு சேமிப்பறைக்குப் போகும்.

பிள்ளையின் க்ரோம்புக்கை அம்மா பயன்படுத்திக்கொள்ளலாமே என்றும் கேட்பதுண்டு. முடியாது. பள்ளிக் கணக்கில் பூட்டிய எந்திரத்தில் பல தளங்கள் திறக்காது, கோடை விடுமுறையில் திருப்பிக் கேட்கும் பள்ளிகளும் உண்டு.

இங்கே என் தரப்புக்கு எதிரான ஓர் ஆய்வையும் சொல்லியாக வேண்டும். ராபர்ட் ஃபேர்லி, ஜொனாதன் ராபின்சன் என்ற பொருளியலாளர்கள் கலிஃபோர்னியாவில் 15 பள்ளிகளில், வீட்டில் கணினி இல்லாத 1,123 மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு உடனே கணினி, மீதிப் பேருக்கு ஆண்டு முடிவில். கொடுத்தவை சீக்கோ நகரில் புதுப்பித்த பழைய கணினிகள், அதாவது நாம் பேசுகிற அதே ரகம். 2013-இல் வெளியான முடிவு: மதிப்பெண்ணிலும் வருகையிலும் தேர்வு முடிவிலும் எந்த மாற்றமும் இல்லை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இதைக் காட்டி 'பார்த்தீர்களா, பயனில்லை' என்பவர்கள், ஃபேர்லி வேறொருவரோடு சேர்ந்து செய்த முந்தைய ஆய்வையும் படிக்க வேண்டும். ப்யூட் கல்லூரி என்ற சமுதாயக் கல்லூரியில் நிதியுதவி பெறும் மாணவர்கள் 286 பேரில் ஒரு பகுதியினருக்கு இலவசக் கணினி கொடுத்தபோது, சிறிய அளவிலாவது நல்ல மாற்றம் தெரிந்தது. பள்ளிப் பிள்ளைக்கு மேசையில் கணினி வைத்தால் கணக்கு தானாக வராது. ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற இருபத்தைந்து வயதுக்காரருக்கு இரவு பதினொரு மணிக்குக் கட்டுரை தட்டச்சு செய்ய வீட்டில் ஒன்று இருப்பது நேரத்தை மிச்சப்படுத்துகிறது. பள்ளியை இலக்காக வைக்காதீர்கள், பெரியவர்களை வையுங்கள் என்பதற்கு இந்த இரண்டு ஆய்வுகளையும்விட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியவில்லை.

நூலகம் எனக்குப் பிடித்த இடம். வீடே நிலையில்லாதவருக்கு, தங்குமிடம் தங்குமிடமாக மாறுகிறவருக்கு, சொந்தக் கணினியை விட நூலகக் கணினிதான் பாதுகாப்பு. பக்கத்தில் உதவிக்கு ஓர் ஆளும் இருப்பார். குறை என்னவென்றால் மணிக்கணக்கு. ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோதான் இருக்கை, ஏழு எட்டு மணிக்குக் கதவு மூடும், ஞாயிறு பல கிளைகள் திறப்பதே இல்லை. இரண்டு வேலை பார்ப்பவருக்கு அந்த நேரம் ஒத்துவராது. மடிக்கணினியை இரவல் தரும் நூலகங்கள் இந்தக் குறையை ஓரளவு போக்குகின்றன. உபரியில் பத்தில் ஒரு பங்கை நூலகத்துக்கு ஒதுக்கினால் நியாயம், அதற்கு மேல் அங்கே இடமும் இருக்காது.

இனி, புதுப்பித்து வீட்டுக்கு அனுப்பும் அமைப்புகள். மினசோட்டாவில் 1998-இல் ஒரு சமூகப் பணியாளர் தன்னிடம் வந்த ஒரு பையனுக்குக் கணினி ஏற்பாடு செய்துகொடுத்ததில் தொடங்கியது 'பி.சி.ஸ் ஃபார் பீப்பிள்'. இன்று பல மாநிலங்களில் நடக்கிறது. குடும்ப வருமானம் மத்திய அரசின் வறுமைக் கோட்டைப் போல இரண்டு மடங்குக்குள் இருக்க வேண்டும், அல்லது உணவு உதவி போன்ற ஏதாவது திட்டத்தில் பெயர் இருக்க வேண்டும். அதைக் காட்டினால் சிறு தொகைக்குப் புதுப்பித்த கணினி கிடைக்கும். ஆரிகன் மாநிலம் போர்ட்லாண்டில் 2000-இல் தொடங்கிய 'ஃப்ரீ கீக்' வேறு பாதையில் போனது. 24 மணி நேரம் அங்கே தன்னார்வ வேலை செய்தால் ஒரு கணினி சொந்தம் என்று வைத்திருந்தார்கள். இன்னொரு திட்டத்தில், பாகங்களைச் சேர்த்துக் கணினி உருவாக்கக் கற்றுக்கொண்டு ஐந்தை உருவாக்கித் தந்தவர் ஆறாவதை வீட்டுக்குக் கொண்டுபோக முடிந்தது.

இரண்டில் எது மேல்? உழைத்து வாங்குவதில் கௌரவம் இருக்கிறது, கணினியின் உள்ளே என்ன இருக்கிறது என்ற தெளிவும் வருகிறது. ஆனால் கைக்குழந்தையோடு இருப்பவரும், முதியவரும், பேருந்தில் ஒன்றரை மணி நேரம் வர வேண்டியவரும் அந்த 24 மணி நேரத்தைக் கொடுக்க முடியாது. நகராட்சியின் பொதுச் சொத்தைக் கொடுப்பதாக இருந்தால், வருமானச் சான்று மட்டும் கேட்கிற முறையே பரவலாகப் போய்ச் சேரும் என்பது என் கருத்து. இளைஞர்களுக்கு வேலைப் பயிற்சியாக ஃப்ரீ கீக் முறையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த வழி நகராட்சியால் எப்படிக் கெடுகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். நான் வார இறுதிகளில் உதவச் செல்லும் புதுப்பிப்பு மையத்துக்கு ஓர் அரசு அலுவலகத்திலிருந்து மடிக்கணினிகள் வந்து இறங்கின. மூடியில் சொத்து எண் ஒட்டு, அதன் மேல் பழைய ஊழியரின் பெயர் எழுதிய டேப். திறந்தால் எஸ்.எஸ்.டி. இருக்கும் இடம் காலி. டிஸ்க்கோடு அதைப் பிடித்து வைக்கும் தகடும் குட்டி ஸ்க்ரூவும் சேர்ந்தே போய்விட்டன. சார்ஜர் ஒன்றுகூட வரவில்லை. வேறொரு டிஸ்க்கைப் போட்டு மின்சாரம் கொடுத்தால், விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருள் கடவுச்சொல் கேட்கிறது. அதைத் தாண்டிப் புது விண்டோஸ் ஏற்றினால், இணையத்தில் இணைந்த நிமிடமே 'இந்தக் கணினி இந்த நிறுவனத்துக்குச் சொந்தம்' என்று அலுவலகத்தின் உள்நுழைவுப் பக்கம் வந்து நிற்கிறது. கணினிகளை இணையம் வழியே கட்டுப்படுத்த அலுவலகம் வைத்திருக்கும் நிர்வாகப் பட்டியலிலிருந்து அந்த எந்திரங்களின் எண்களை யாரும் நீக்கவில்லை. அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்து நீக்கினால் ஒரு பிற்பகலில் முடிகிற வேலை. மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் போட்டோம். கடைசியில் அவற்றைத் திரைக்காகவும் விசைப்பலகைக்காகவும் பிரித்து எடுத்துவிட்டோம்.

சார்ஜர் ஒன்று, எஸ்.எஸ்.டி. ஒன்று, பலவீனமான பேட்டரிக்குப் பதில் இன்னொன்று, ஆள் நேரம் என்று சேர்த்தால் இலவசமாக வந்த கணினியும் இலவசம் இல்லை. அதனால்தான் நன்கொடையோடு எந்திரம் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையையும் நகராட்சி தர வேண்டும் என்கிறேன். நொறுக்குவதற்கும் நகராட்சி யாருக்கோ காசு கொடுக்கத்தான் போகிறது.

வயதும் முக்கியம். எட்டு வருடம் ஓட்டித் தேய்த்துவிட்டுத் தானம் செய்தால் வாங்குகிறவருக்குப் பிரச்சினையைத்தான் கொடுக்கிறோம். நான்கைந்து வருடத்தில் மாற்றுகிற அலுவலகமானால் அந்தக் கணினி விண்டோஸ் 11-க்கே தகுதி பெறும். இப்போது குவிந்திருக்கும் பழையவற்றுக்கு இரண்டு வழி. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போடலாம், கூகுள் இலவசமாகத் தரும் க்ரோம் ஓ.எஸ். ஃப்ளெக்ஸ் போடலாம். உலாவியும் மின்னஞ்சலும் வீடியோ அழைப்பும் போதும் என்கிற முதியவருக்கு ஃப்ளெக்ஸ் நன்றாகவே இருக்கிறது. கல்லூரி மாணவருக்கு இரண்டையும் நான் தர மாட்டேன். வீட்டிலிருந்து தேர்வு எழுதும்போது திரையைப் பூட்டிக் கண்காணிக்கும் மென்பொருள்களில் பலவும் லினக்ஸில் ஓடாது, தேர்வு நாளன்று அது தெரியவந்தால் அவர் கதி என்ன?

பழையது எதற்கு, புதிதாகவே வாங்கிக் கொடுக்கலாமே என்பது தமிழ்நாட்டைப் பார்த்தவர்களுக்கு உடனே வரும் கேள்வி. 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குப் போனவை ஐம்பது லட்சத்துக்கும் மேல். மொத்தமாக வாங்கும் மாநில அரசுக்கு அது முடியும். ஓர் அமெரிக்க நகராட்சியின் பட்ஜெட்டுக்கு முடியாது, மத்திய அரசின் கையும் இறுகிவிட்டது. மாதம் 30 டாலர் இணையக் கட்டண உதவியும், கணினி வாங்க ஒருமுறை 100 டாலர் தள்ளுபடியும் தந்த திட்டம், 2 கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்திருந்த நிலையில், பணம் தீர்ந்து 2024 ஜூன் 1-ஆம் தேதி முடிந்தது. 275 கோடி டாலருக்கான டிஜிட்டல் சமத்துவச் சட்டத்தின் மானியங்களை 2025 மே மாதத்தில் டிரம்ப் நிர்வாகம் நிறுத்தியது. இந்த நிலையில் ஊர்க்காரர்கள் கையில் மிச்சம் இருப்பது ஊரின் சேமிப்பறைதான்.

இணைய இணைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கணினியை மட்டும் கொடுத்துவிட்டு இணைப்பைப் பற்றிப் பேசாவிட்டால் பாதி வேலைதான் ஆகும். நிறுவனங்கள் தரும் குறைந்த வருமானச் சலுகைத் திட்டங்களில் அந்தக் குடும்பத்தைச் சேர்த்துவிட, விண்ணப்பத்தை உடன் உட்கார்ந்து நிரப்பித் தர ஒரு ஆள் வேண்டும். நல்ல புதுப்பிப்பு அமைப்புகள் கணினி கொடுக்கும் மேசையிலேயே இதைச் செய்கின்றன.

ஆகவே தீர்மானத்தில் இவை எழுத்தில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள்: டிஸ்க்கைக் கழற்றாமல் 800-88 முறைப்படி அழித்து, தொடர் எண்வாரியாகச் சான்றிதழ் பெறுவது, சார்ஜரோடு ஒப்படைப்பது, பயாஸ் கடவுச்சொல்லையும் நிர்வாகப் பதிவையும் நகராட்சியே நீக்கித் தருவது, எந்திரத்துக்கு ஒரு தொகை, எத்தனை எந்திரம் எத்தனை வீட்டுக்குப் போனது என்ற ஆண்டறிக்கை. இதில் ஒன்றை மட்டும்தான் வாங்க முடியும் என்றால் நிர்வாகப் பதிவு நீக்கத்தை வாங்குங்கள். டிஸ்க்கையும் சார்ஜரையும் காசு கொடுத்தாவது வாங்கிவிடலாம், அந்தப் பூட்டைத் திறக்க வெளியாட்களால் ஆகாது.

உங்கள் ஊர் சின்னதாக இருந்து, நாற்பது ஐம்பது கணினிக்காக எந்த அமைப்பும் வண்டி அனுப்பாது என்றால், பக்கத்து ஊரையும் கவுன்ட்டியையும் பள்ளி மாவட்டத்தையும் சேர்த்துக்கொண்டு ஒரே நாளில் சேகரிக்கலாம். கவுன்ட்டி அலுவலகத்தின் கொள்முதல் அதிகாரியிடம் முதலில் பேசுங்கள். அவருக்கும் இதே விண்டோஸ் 10 குவியல் இருக்கும்.